எண்பதுகளின் பிபிசி நாடாக்கள்: நிகழ்ச்சிகளுக்கு நடுவில் இருப்பதை வெட்டிவிடாதீர்கள்

பழைய வி.எச்.எஸ். கேசட்டில் பிபிசி ஒளிபரப்பு கிடைத்தால், அது எந்த நாளுடையது என்று பிடிப்பதுதான் முதல் வேலை. உறைமேல் எழுதியிருப்பதை நம்ப முடியாது. ஒரே கேசட்டில் அழித்து அழித்துப் பதிந்திருப்பார்கள். நிகழ்ச்சி முடிவில் ரோமன் எண்ணில் வரும் ஆண்டு, தயாரித்த ஆண்டு. நான்கு வருடம் கழித்து மறுஒளிபரப்பு செய்தாலும் அதே எண்தான் வரும்.

நாளைச் சொல்வது நிகழ்ச்சிகளுக்கு நடுவில் வருபவைதான். முதலில் சேனல் சின்னமாக வரும் பிபிசி 1 உலக உருண்டையைப் பாருங்கள். 1985 பிப்ரவரி 18க்கு முன் அது இயந்திரத்தில் சுழன்ற நிஜ உருண்டை, பின்னால் குழிந்த கண்ணாடி. அன்றிலிருந்து கணினியில் வரைந்த உருண்டை: ஊடுருவித் தெரியும் நீலம், பொன்னிற நிலப்பரப்பு. வரைபடத்தில் காந்த வில்லைகளை ஒட்டி வானிலை சொல்லும் பழக்கமும் அதே மாதத்தோடு போயிற்று. பிபிசி 2இல் வெள்ளைப் பின்னணியில் 'டூ' என்ற எழுத்துகள் வந்தால் 1986 மார்ச் 30க்குப் பிந்தையது. கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சிறு சதுரம் படத்தின் வலது மேல் மூலையில் வந்து போனால் அது பிபிசியே இல்லை, விளம்பரம் போடும் சேனலான ஐடிவி. விளம்பர இடைவேளை வருகிறது என்று நிலையங்களுக்குச் சொல்லும் குறி அது. பிபிசியின் குறி இடது மூலையில் வரும்.

— — —

மேலே சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1986 அக்டோபர் 27, திங்கள். பிபிசி 1 முழுநேரப் பகல் ஒளிபரப்பைத் தொடங்கிய நாள். அதற்கு முன் பகல் நேரத்தில் பெரிய இடைவெளிகள் இருந்தன. அவற்றை நிரப்பியது டெஸ்ட் கார்டு என்ற அசையாத சோதனைப் படம், பிறகு சீஃபாக்ஸ் என்ற பிபிசியின் எழுத்துப் பக்கங்களும் இசையும். பள்ளி நிகழ்ச்சிகள் 1983 செப்டம்பரிலேயே பிபிசி 2க்குப் போய்விட்டதால்தான் இந்த மாற்றத்துக்கு இடமே கிடைத்தது.

அன்று ஒரு மணிச் செய்தி முதன்முதலாக வந்தது. 'நெய்பர்ஸ்' தொடர் பிரிட்டனில் தொடங்கியதும் அன்றுதான். அது ஆஸ்திரேலியாவில் 1985 மார்ச் 18இலேயே தொடங்கிவிட்டது. தயாரிப்பு ஆண்டை வைத்து நாளைக் கணித்தால் தப்பாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். மாலையில் சிறுவர் நிகழ்ச்சிகள், திங்களும் வியாழனும் 'புளூ பீட்டர்', ஆறு மணிச் செய்தி, ஏழு மணிக்கு 'வோகன்' பேட்டி நிகழ்ச்சி, ஒன்பது மணிச் செய்தி. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடர் செவ்வாயும் வியாழனும்தான். திங்கள் என்று குறித்த நாடாவில் அது இருந்தால் குறிப்பு தப்பு. லண்டன் பங்குச் சந்தை விதிகள் தலைகீழாக மாறியதும் அதே நாள் என்பதால் செய்தியில் அதுவும் இருக்கும்.

நிகழ்ச்சி விவர இதழான ரேடியோ டைம்ஸின் பழைய அட்டவணையை பிபிசி இணையத்தில் வைத்திருக்கிறது. ஒப்பிட உதவும், ஆனால் அது திட்டமிட்டதைத்தான் காட்டும். கடைசி நிமிட மாற்றமும் வட்டார வேறுபாடும் அதில் வராது. நாடா சொல்வதும் அச்சு சொல்வதும் மோதினால் நாடாவை நம்புங்கள்.

— — —

சீஃபாக்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அறியாமலே அதைத் தூக்கி எறிகிறார்கள். சீஃபாக்ஸ் ஒரு டெலிடெக்ஸ்ட் சேவை, அதாவது டிவி சிக்னலோடு சேர்த்து அனுப்பும் எழுத்துப் பக்கங்கள். அந்தத் தரவு படத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத வரிகளில் வந்தது. ஒரு வரியில் 45 பைட்: முதல் இரண்டு தாளம் பிடிக்க, மூன்றாவது தொடக்கக் குறி, மீதி 42 தரவு. வேகம் நொடிக்கு 69,37,500 பிட். ஒவ்வொரு பக்கத்தின் தலை வரியிலும் கிழமை, தேதி, மாதம், நொடி வரைக்கும் நேரம் இருக்கும். ஆண்டு இருக்காது. 'திங்கள் 27 அக்டோபர்' என்றால் அந்தப் பத்தாண்டில் 1980, 1986 இரண்டுதான் பொருந்தும். கணினி உருண்டையும் இருந்தால் 1986 என்று முடிவாகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், வி.எச்.எஸ். பதிவில் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் வரைதான் நிற்கும். டெலிடெக்ஸ்டுக்கு ஏறக்குறைய 3.5 தேவை. பிட்டுகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், டிவியில் உள்ள டிகோடர் கைவிட்டுவிடும். மீட்கும் மென்பொருள் குழைந்த வடிவத்தை அப்படியே ஒப்பிட்டு எந்த எழுத்தாக இருக்கும் என்று ஊகிக்கிறது. ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும் என்பதால் பல பிரதிகளைச் சேர்த்தால் பிழை குறையும். ஐந்து நிமிடத் துண்டைவிட மூன்று மணி நேர நாடா எவ்வளவோ தெளிவாக வரும்.

சாதாரண யுஎஸ்பி கருவியும் டிவிடி ரெக்கார்டரும் 576 படவரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், தரவு வரிகள் அங்கேயே போய்விடும். டைம் பேஸ் கரெக்டர் (ஆடும் படத்தை நிலைப்படுத்தும் கருவி) நடுவில் இருந்தாலும் பெரும்பாலும் அதே கதி. பிடி 878 போன்ற பழைய சில்லு உள்ள பிசிஐ கார்டும் லினக்ஸும் வேண்டும். அது எடுக்கும் தரவு ஒரு ஃப்ரேமுக்கு 32 வரி, வரிக்கு 2,048 பைட். மணிக்குக் கிட்டத்தட்ட 5.9 ஜிபி. படத்தைத் தனியாக இன்னொரு முறை ஓட்டி எடுங்கள். லாங் பிளேயில் (மெதுவாக ஓடவிட்டு அதிக நேரம் பதியும் முறை) பதிந்த நாடாவில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

— — —

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் ஜன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அப்படியே போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

டெஸ்ட் கார்டு எஃப் வந்தால் குதித்துக் கடக்காதீர்கள், உங்கள் விசிஆர் எப்படி இருக்கிறது என்று அதுவே சொல்லும். சிறுமியும் பொம்மையும் இருக்கும் வட்டம் வட்டமாகவே தெரிய வேண்டும்; முட்டையாகத் தெரிந்தால் கோப்பின் அகல உயர விகிதம் தப்பு. சிறுமியின் கரும்பலகையில் உள்ள பெருக்கல் குறி படத்தின் சரியான நடு. வலப்பக்கக் கோட்டுத் தொகுதிகள் 1.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 5.25 வரை போகும். வி.எச்.எஸ்.ஸில் 1.5, 2.5 பிரிந்து தெரிய வேண்டும், அதற்குமேல் சாம்பலாகக் கலங்குவது இயல்பு. 2.5 கூடக் கலங்கினால் டிராக்கிங்கைத் திருப்புங்கள், ஹெட்டைத் துடையுங்கள்.

— — —

ஒன்று விட்டுப்போயிற்று, இரவு முடிவு. பிபிசி 1இல் அறிவிப்பாளர் விடைபெற்று, தேசிய கீதம் ஒலித்து, படம் போய்விடும். பிபிசி 2இல் கீதம் கிடையாது. அதற்குப் பின் நாடாவில் இரைச்சல்தான் என்று நிறுத்திவிடுவார்கள். ஆனால் பலர் டைமரில் விட்டுத் தூங்கியதால், இரைச்சல் முடியும் இடத்தில் பழைய பதிவின் வால் நீட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் நாலைந்து வருடம் முந்தையது. சிக்னல் இல்லை என்றால் தானே நிறுத்தும் வசதியை மென்பொருளில் முதலிலேயே அணைத்துவிட்டு, நாடா தீரும்வரை ஓடவிடுங்கள். இரைச்சல் பகுதியில் ஃப்ரேம் விடுபட்டு அதன்பின் ஒலி தள்ளிப்போகும், ஆகவே அந்த வாலை மட்டும் தனிக் கோப்பாக மறுபடி எடுங்கள்.