டோக்கியோ எரிந்த இரவைப் படித்தபோது

ஹிரோஷிமாவைப் பற்றிப் படிக்காதவர்கள் குறைவு. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பு, 1945 மார்ச் 9 இரவு தொடங்கி 10ஆம் தேதி விடிவதற்குள், டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தீக்குண்டுகளுக்கு இரையானதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. சில மாதங்களாக அந்த ஓர் இரவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

திட்டமிட்டவர்களின் ஆவணங்களையும் தப்பிப் பிழைத்தவர்களின் நினைவுகளையும் மாறி மாறிப் படித்தேன். இரண்டில் எது அதிகம் உலுக்கியது என்று கேட்டால், ஆவணங்கள் என்றுதான் சொல்வேன். 1943இல் அமெரிக்கா தன் யூட்டா மாநிலப் பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை வரிசையாகக் கட்டியது. உள்ளே தத்தாமி பாய்கள் உட்பட எல்லாம் அசல் போலவே இருந்தன. குண்டு போட்டுக் கொளுத்திப் பார்ப்பார்கள். எரிந்ததும் மறுபடி கட்டுவார்கள். குடும்பம் படுத்துறங்கும் பாய் எப்படித் தீப்பிடிக்கிறது என்பது அங்கே ஆய்வுக்குரிய விஷயம். அந்தப் பக்கத்தைத் தாண்டவே எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு அமெரிக்காவின் 279 பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தாழப் பறந்து, ஒட்டிக்கொண்டு எரியும் பெட்ரோல் கூழான நேபாம் நிரப்பிய குண்டுகளைக் கொட்டின. காற்றும் பலமாக வீசியது. சுமார் 41 சதுர கிலோமீட்டர் சாம்பலானது. அங்கே வீட்டுக்கு வீடு சிறு பட்டறைகள் இருந்தன, ஆகவே அந்த வீடுகளும் இலக்குதான் என்பது தாக்கியவர்கள் சொன்ன நியாயம். என்னால் அதை ஏற்க முடியவில்லை. பட்டறை இருந்த வீட்டில் குழந்தையும் இருந்தது அவர்களுக்குத் தெரியாததல்ல.

ஜப்பானிய அரசின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 1941இல் திருத்தப்பட்ட வான்காப்புச் சட்டம், மக்கள் ஊரைவிட்டு வெளியேறாமல் தீயணைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு நேபாமை எப்படி அணைப்பது? சொன்னபடி நின்றவர்களுக்கு, ஓட வேண்டிய நேரம் வந்தபோது வழி இருக்கவில்லை. சுமிதா ஆற்றின் கொத்தோதொய் பாலத்தில், இக்கரையிலிருந்து அக்கரைக்கும் அக்கரையிலிருந்து இக்கரைக்கும் ஓடிவந்த கூட்டங்கள் நடுவில் முட்டி நின்றன. அங்கேயே நெருப்பு அவர்களைப் பிடித்தது. தலையைக் காக்க அணிந்திருந்த பஞ்சுத் தலைமூடிகளில் தீப்பொறி விழுந்து பற்றிக்கொண்டது. கால்வாய்களில் இறங்கியவர்களிலும் பலர் பிழைக்கவில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. நகரத்துப் பள்ளிக் குழந்தைகளை 1944லேயே கிராமங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆறாம் வகுப்பு முடித்தவர்கள், பட்டமளிப்புக்காக, சரியாக அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் வீடு திரும்பினார்கள். எவ்வளவோ நாள் பிரிந்திருந்து அப்போதுதான் பெற்றோர் முகம் பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

போலீஸ் புகைப்படக்காரர் ஒருவர் மறுநாள் தெருத்தெருவாக எடுத்த படங்கள் மிஞ்சியிருக்கின்றன. போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரிகள் கேட்டபோது, அவர் நெகட்டிவ்களைக் கொடுக்காமல் மண்ணில் புதைத்துவைத்தார். அவற்றில் ஒரு தாயும் குழந்தையும் கரிக்கட்டையாகக் கிடக்கும் படம் ஒன்று. தாயின் முதுகில் மட்டும் ஒரு பகுதி கருகவில்லை. குழந்தையைச் சுமந்திருந்த இடம் அது. மாண்டவர்களின் எண்ணிக்கையைப் பல முறை படித்திருந்தும் என் மனம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இந்தப் படத்துக்குப் பிறகுதான் வாங்கிக்கொண்டது.

உயிர் பிழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? போர் வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஓய்வூதியம் வந்தது. குண்டுவீச்சில் எல்லாம் இழந்த சாதாரண மக்களுக்கு இழப்பீடு இல்லை. 2007இல், முதுமையில், அவர்கள் அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் தள்ளுபடி. 2013இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

அடுத்து, 1943 ஜூலையில் குண்டுவீச்சில் எரிந்த ஜெர்மன் நகரமான ஹாம்பர்க் பற்றிப் படிக்கப் போகிறேன். அங்கு நிலவறைகளில் ஒதுங்கியவர்களின் குடும்பத்தார் சொன்னவற்றை யாராவது படித்திருந்தால், அதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.