திமிங்கிலம் வாலால் அடிப்பதை எங்கள் கடலில் என்னவென்று சொல்வார்கள்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் முல்லைத்தீவு, அப்பா கடற்றொழில். போன ஆவணியில் ஆவுஸ்திரேலியாவின் ஹேர்வி பேயில் ஓர் ஆராய்ச்சிப் படகில் மூன்று கிழமை நின்று, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் என்ன செய்கின்றன என்று குறிப்பெடுத்தேன். அதை இப்போது கள்ளப்பாடு ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதுகிறேன், சொல்லில்தான் மாட்டுப்பட்டு நிற்கிறேன்.

உடம்பில் மூன்றிலொரு பங்கு நீளமான பக்கத் துடுப்பைத் தூக்கித் தண்ணீரில் அறைவது, வாலால் திரும்பத் திரும்ப அடிப்பது, முழு உடம்பும் வெளியே எழும்பி விழுவது, தலையை மட்டும் நிமிர்த்திச் சுற்றிப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் நாங்கள் குறிப்பெடுத்த படிவத்தில் தனிப் பெயர் உண்டு. ஆழத்துக்குப் போகும்போது வால் நீர் சொட்டச் சொட்ட மேலே வரும். அதன் அடிப்பக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு, அந்தப் படத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். திமிங்கிலம் மூழ்கிப் போன இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல ஒரு வட்டம் அலையில்லாமல் கிடக்கும். எனக்குப் பேச்சே வராது.

உங்கள் வீட்டில் ஆழக்கடல் தொழில் செய்த, திமிங்கிலத்தைக் கண்ட பெரியவர்கள் இருந்தால் இவற்றுக்கு என்ன சொல் பாவித்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கோ. குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, எந்த ஊர்ச் சொல் என்பதையும் போடுங்கோ.