லோகோவில் தமிழ் எழுத்து உடைகிறது, அவசர உதவி தேவை

ரோஸ்ஹில் தம்பி:
வணக்கம். மொரிசியஸில் எங்கள் கோயில் இளைஞர் குழுவின் வலைத்தளத்துக்கு லோகோ செய்கிறேன். நடுவில் வேல், இரண்டு பக்கமும் மயில், கீழே குழுவின் பெயர் பிரெஞ்சிலும் அதற்குக் கீழே தமிழிலும். தமிழ் மட்டும் சரியாக வரவில்லை. வேர்டில் நன்றாக இருக்கிறது, இங்கே கொண்டுவந்து ஒட்டினால் உடைந்துவிடுகிறது. காவடிக்கு முன்னால் தளம் திறக்க வேண்டும். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மயில்விழி:
"இங்கே" என்றால் எங்கே? போட்டோஷாப்பா, இல்லஸ்ட்ரேட்டரா, கேன்வாவா? எழுத்துரு எது? உடைகிறது என்றால் கட்டம் கட்டமாக வருகிறதா, கொம்பும் காலும் இடம் மாறுகின்றனவா? ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டால் புண்ணியமாகப் போகும்.

பழைய அச்சகம்:
பாமினி. நூற்றுக்கு நூறு அந்தப் பழைய பாமினி எழுத்துருதான். அதில் அடித்ததை எடுத்து வேறு எழுத்துருவில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள்.

மயில்விழி:
ஆங்கில எழுத்து தெரிகிறது என்று அவர் சொல்லவே இல்லையே ஐயா.

பழைய அச்சகம்:
சொல்லுவார், பாருங்கள்.

கோடும் வளைவும்:
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்தாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. போகட்டும், எழுத்து உடைவதா உங்கள் பிரச்சினை? வேல், இரண்டு மயில், இரண்டு மொழியில் பெயர்: இது லோகோவா, கல்யாணப் பத்திரிகையா? பிரவுசர் டேப்பில் இது 16 பிக்சல் சதுரத்துக்குள் நிற்க வேண்டும். அங்கே மயிலும் தெரியாது, பெயரும் தெரியாது. அடிப்படையைக் கற்றுக்கொண்டு மென்பொருளைத் திறப்பது நல்லது.

ரோஸ்ஹில் தம்பி:
மயிலை எடுக்க முடியாது, தலைவர் கேட்டது. "கோ" வர வேண்டிய இடத்தில் க முதலில் வந்து, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் தனியாக நிற்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ். ஆபீஸில் இருக்கும் பழைய இல்லஸ்ட்ரேட்டர், மெனு எல்லாம் பிரெஞ்சு.

பழைய அச்சகம்:
நோட்டோ யூனிகோடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேர்டில் எதில் அடித்தீர்கள்?

ரெயூனியன் கண்ணன்:
தம்பி, எழுத்துருவில் கோளாறு இல்லை. பழைய இல்லஸ்ட்ரேட்டர் சாதாரணமாக எழுத்துகளை உள்ளே வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். கொம்பைக் ககரத்துக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும் என்று வேர்டுக்குத் தெரியும், இதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். பிரெபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய், இந்திய மொழிகளுக்கான வசதிகளைக் காட்டச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். அப்புறம் பெயரைத் தேர்வு செய்து, பாராகிராஃப் பேனலின் மூலையில் இருக்கும் சின்ன மெனுவில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்" என்று தொடங்கும் கம்போசரை (எழுத்தை அடுக்கும் முறை) அழுத்துங்கள். பிரெஞ்சு மெனுவிலும் எல்லாம் அதே இடத்தில்தான்.

ரொம்பப் பழைய பதிப்பு என்றால் அந்தக் கட்டமே இருக்காது. அப்போது இங்க்ஸ்கேப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். அதில் பெயரை அடித்து, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, எஸ்விஜி படக் கோப்பாகச் சேமித்து இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தால் போதும்.

எந்த வழியில் போனாலும் தளத்தில் ஏற்றும் கோப்பில் எழுத்து எழுத்தாக இருக்கக் கூடாது, அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, இருக்க வேண்டும். எழுத்தை எழுத்தாகவே விட்டு எஸ்விஜியை இமேஜ் டேக்கில் போட்டால் தளத்தின் வெப் ஃபான்ட் அதற்குள் நுழையாது. பார்ப்பவர் போனில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அதுதான் வரும். மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பெயரில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்று யாராவது கட்டாயம் வருவார்கள்.

கத்ர்போர்ன் அக்கா:
எழுத்து சரியாகட்டும், நல்லது. ஆனால் தமிழ் ஏன் கீழே? 1998-இல் மொரிசியஸ் வங்கி புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நாம் எவ்வளவு கத்தினோம். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-இல் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று பழைய வரிசையில் மறுபடி அடித்தார்கள். இப்போது நம் கோயில் பிள்ளைகளே தமிழைக் கீழே வைக்கிறார்கள்.

கோடும் வளைவும்:
நோட்டு அரசாங்க விஷயம். லோகோவில் கண் முதலில் எங்கே போகிறது என்பதுதான் கணக்கு. கீழே இருந்தாலும் பெரிதாக இருந்தால் அதுதான் முதல்.

கத்ர்போர்ன் அக்கா:
அப்படியானால் பிரெஞ்சைக் கீழே பெரிதாக வைக்கலாமே, ஏன் யாரும் வைப்பதில்லை?

மயில்விழி:
அக்கா, வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. பெயர் புரியாமல் தளத்தை மூடிவிட்டுப் போவார்கள்.

கத்ர்போர்ன் அக்கா:
கண்ணில் படாவிட்டால் எப்போது வாசிக்க வரும்?

பழைய அச்சகம்:
அந்த 1998 நோட்டு ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது.

ரோஸ்ஹில் தம்பி:
வந்துவிட்டது. இங்க்ஸ்கேப். எல்லோருக்கும் நன்றி.

ரெயூனியன் கண்ணன்:
நல்லது. டேப்புக்கு வேல் மட்டும் தனியாக 32 பிக்சலில் ஒன்று செய்துவிடுங்கள். மயில் பெரிய படத்திலேயே இருக்கட்டும், தலைவருக்கும் வருத்தம் இல்லை.

கத்ர்போர்ன் அக்கா:
தம்பி, மேலே எந்த மொழி வைத்தீர்கள்?

பழைய அச்சகம்:
வேர்டில் எதில் அடித்தார் என்றும் சொல்லவில்லை.