[கலைச்சொல்] ‘எர்த் கிளாம்ப்’ – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுக் கொட்டகையில் சிறு வெல்டிங் பட்டறை போடுபவர்களுக்கான கையேட்டுக்குச் சொற்பட்டியல் கோத்துக்கொண்டிருக்கிறோம். மின்வில் (ஆர்க்), இளக்கி (ஃப்ளக்ஸ்), கசடு (ஸ்லாக்) ஆகியவை பாடநூல் வழியே பழகியவை. ராடு (உருகி ஒட்டும் வெல்டிங் கம்பி), ஹோல்டர் (ராடைப் பிடிக்கும் கைப்பிடி), கேபிள் மூன்றையும் தொட வேண்டாம் என்பது என் கட்சி. மிச்சம் நிற்பது, மெஷினின் இன்னொரு கேபிள் முனையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘எர்த் கிளாம்ப்’. பட்டியலில் இப்போதைக்குப் ‘புவிக்கவ்வி’ என்று இருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

* * *

> அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது ஐயா. ‘எர்த்’ என்பதே பட்டறையில் தப்பாக ஒட்டிக்கொண்ட பேர். அதை நல்ல தமிழில் பெயர்த்தால், தப்பும் நல்ல தமிழில் நிலைத்துவிடும்.

வெல்டிங் மெஷினில் எர்த் ஒன்றுதான்: மூன்று முள் பிளக்கின் பெரிய முள். மெஷின் உடம்பில் மின்கசிவு வந்தால் நிலத்துக்கு இறக்கிவிடும் பாதுகாப்புக் கம்பி. அதற்குப் ‘புவித்தொடுப்பு’ என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. கிளாம்ப்புக்கும் நிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹோல்டர் வழியாகப் போன 80, 90 ஆம்பியர், வில்லைத் தாண்டி ஜாப்புக்குள் (வெல்டு செய்யும் இரும்புக்குள்) இறங்கி மெஷினுக்கே திரும்பி வருகிற வழி அது.

பேர் தப்பினால் என்ன கெடும் என்று கேட்பீர்கள். ‘எர்த்தானே, எங்கே மாட்டினால் என்ன’ என்று கொட்டகையின் இரும்புத் தூணில் மாட்டுவார்கள். ஜாப் மேசைமேல் இருக்கிறது. அதே மேசையில் பெஞ்ச் கிரைண்டர் போல்ட் போட்டு நிற்கிறது. தூணில் எக்ஸாஸ்ட் ஃபேன். இரண்டின் எர்த் கம்பியும் போர்டில் ஒன்றாகச் சேர்கின்றன. ராடைத் தட்டியதும் மின்னோட்டம் மேசை, கிரைண்டர் உடம்பு, அதன் எர்த் கம்பி, போர்டு, ஃபேனின் எர்த் கம்பி, தூண் என்று சுற்றிக்கொண்டு கிளாம்ப்புக்கு வந்து சேரும். 1.5 சதுர மி.மீ. கம்பியில் வெல்டிங் கரண்ட்! பைப்புக்குள்ளே காப்பு உருகிக் கிடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. போர்டில் கரண்ட் மிகுந்தால் விழும் எம்.சி.பி.யோ, கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யோ விழாது, அவை 230 வோல்ட் பக்கத்தைத்தான் பார்க்கின்றன, இது மெஷினின் வெளியீட்டுப் பக்கத்து ஓட்டம். பின்னொரு நாள் கிரைண்டரில் கசிவு வரும்போது எர்த் இருக்காது.

* * *

புவி போகட்டும். ‘எதிர்முனைக் கவ்வி’ எனலாமே? மைனஸ் போட்ட சாக்கெட்டில்தானே அதைச் செருகுகிறோம்?

* * *

> மைனஸ் போட்ட சாக்கெட்டில்தானே

எப்போதும் இல்லை. 7018 (ராடு வகையின் எண்) என்றால் ஹோல்டர் பிளஸ்ஸில், கிளாம்ப் மைனஸில். 6013 இரண்டு பக்கமும் ஓடும். மெல்லிய தகட்டில் ஓட்டை விழாமலிருக்க ஹோல்டரை மைனஸுக்கு மாற்றுவோம், அப்போது கிளாம்ப் பிளஸ். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் பிளஸ், மைனஸ் என்ற பேச்சே கிடையாது. முனையின் பெயரைச் சொல்லுக்குள் வைத்தால், ராடு மாறும்போதெல்லாம் சொல் பொய்யாகும்.

‘வேலைக் கவ்வி’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ஜாப்பை அசையாமல் பிடிக்கிற சி-கிளாம்ப்பும் வைஸும் வேலைக் கவ்விதானே? புதிதாகக் கற்பவர் குழம்புவார்.

* * *

அப்படியானால் ‘திரும்புகவ்வி’. கரண்ட் திரும்பும் கவ்வி.

* * *

வினைத்தொகை இங்கே காலை வாருகிறது. ‘திரும்புகவ்வி’ என்றால் கவ்வியே திரும்புகிறது என்றுதான் படிப்பவர் கொள்வார். கழுத்து சுழலும் கிளாம்ப்புகளும் கடையில் உண்டு.

‘மீள்’ பொருந்துகிறது. ஆனால் வெறும் ‘மீள்கவ்வி’, மீள்பார்வை, மீள்பதிவு வரிசையில் போய் உட்கார்ந்து ‘மறுபடியும் கவ்வுவது’ ஆகிவிடும். மின்னைச் சேர்த்தால் தெளிவு. ‘மீள்மின் கவ்வி’ என்று சேர்க்காதீர்கள். புணர்ச்சியில் அது ‘மீண்மின்’ ஆகும். கேண்மின், காண்மின் மாதிரி ‘எல்லோரும் திரும்பிப் போங்கள்’ என்று பொருள் தரும்! ‘மின்மீள் கவ்வி’ என்று முன்னால் வைத்தால் தொல்லை இல்லை. கேபிளுக்கும் அதே அடை: மின்மீள் கேபிள்.

* * *

> ‘மின்மீள் கவ்வி’

ஏற்கிறேன். பட்டறையில் ‘மீள்கவ்வி’ என்று சுருங்கும், சுருங்கட்டும். ஆனால் விளக்கக் குறிப்பில் சில செய்திகள் ஏற வேண்டும். சொல் சரியாக இருந்து கவ்வி மட்டமாக இருந்தால் பயனில்லை.

மலிவான கவ்விகளில் கேபிள் ஒரு தாடையில் மட்டும் முடுக்கப்பட்டிருக்கும். மறு தாடைக்குக் கரண்ட் ஸ்பிரிங் வழியாகவும் அச்சாணி வழியாகவும்தான் போக முடியும். ஸ்பிரிங் சூடேறிக் குழைந்து பிடி தளரும். தளர்ந்தால் இன்னும் சூடேறும். இரு தாடைகளையும் இணைக்கும் செம்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மஞ்சளாக மின்னுவதெல்லாம் பித்தளை அல்ல. காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறதா? முலாம் பூசிய இரும்பு.

பெயின்ட் மேலும் துருவின் மேலும் மாட்டுவது அடுத்த கேடு. தொடும் இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே போதும், 80 ஆம்பியரில் 4 வோல்ட் அங்கேயே போய்விடும். 320 வாட் வெப்பம் கவ்வியில் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் கரண்ட் குறையும். இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் அந்த 4 வோல்ட்டையும் ஈடுகட்டப் பார்க்கும். தொடர்பு விட்டுவிட்டு வந்தால் வில் பற்றாமல் ராடு ஒட்டிக்கொள்ளும். உடனே எல்லோரும் ஆம்பியரைத்தான் ஏற்றுகிறார்கள். 2.5 மி.மீ. 6013 ராடுக்கு 70 முதல் 90 போதும். அதற்கு மேல் ஏற்றத் தோன்றினால் முதலில் கவ்வியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மெஷினை நிறுத்திவிட்டு.

மாட்டும் முன் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தைக் கிரைண்டரால் வெள்ளையாகத் தேய்க்க வேண்டும். வெல்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. கேட்டில் வேலை என்றால் கவ்வி ஒரு பக்கம், வெல்டு கீலுக்கு மறுபக்கம் என்று வைக்கக் கூடாது. கரண்ட் கீல் வழியே பாயும். சக்கரம், மோட்டார் என்றால் பேரிங்கின் குண்டுகளில் பொறி பறந்து குழி விழும், பிறகு அது உறுமிக்கொண்டே சுற்றும்.

* * *

நன்றி. பதிவு இப்படி:

மின்மீள் கவ்வி: வெல்டிங் மின்னோட்டம் ஜாப்பிலிருந்து மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் முனையிலுள்ள கவ்வி. பட்டறை வழக்கு: எர்த் கிளாம்ப். புவித்தொடுப்பு அன்று. ஜாப்பிலோ ஜாப் இருக்கும் மேசையிலோ மாட்ட வேண்டும்.

* * *

> ஜாப் இருக்கும் மேசையிலோ

ஒரு திருத்தம். மேசை என்றால் பெயின்ட் அடிக்காத மேசை என்று போடுங்கள். ஜாப்பின் அடியும் சுத்தமாக இருந்தால்தான் அது செல்லும். மேசையிலேயே நிரந்தரமாக வைப்பவர்களுக்குக் கவ்வியே தேவையில்லை. 10 மி.மீ. பலகையில் துளையிட்டு, கேபிள் லக்கை (கேபிள் முனையில் பொருத்தும் துளையுள்ள உலோக முனையை) எம்12 போல்ட்டால் முடுக்கிவிடலாம். அதற்கு ‘மின்மீள் முனை’ என்று தனிப்பதிவு வேண்டும். பெஞ்ச் கிரைண்டரை வேறு மேசைக்கு மாற்றச் சொல்லும் வரியும் அங்கேயே வரட்டும்.