மறுமொழி: மைக்ரோபயோம் – ‘இனவழி நுண்ணுயிர்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

குடல் பாக்டீரியா, எலும்பு நலம் பற்றிய கட்டுரைக்காக நம் குழுவில் வந்த தமிழ்க் கலைச்சொற்பட்டியலில் பெரும்பாலானவை எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. இனக்குழுவுக்கு இனக்குழு மாறுபடும் குடல் பாக்டீரியாவை ‘இனவழி நுண்ணுயிர்’ என்று எழுதியிருக்கிறீர்கள் ஐயா. தாய்வழி, தந்தைவழி என்று பழகிய நமக்கு, ‘வழி’ என்றாலே பிறப்போடு வருவது என்றுதான் படும்.

ஆம்ஸ்டர்டாமின் ஹீலியஸ் ஆய்வு, அங்கே வாழும் டச்சு, கானா, மொராக்கோ, துருக்கி, ஆப்பிரிக்க சுரிநாம், தெற்காசிய சுரிநாம் (சுரிநாம் ஒரு தென் அமெரிக்க நாடு) பின்னணியினர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தது. ஒரே நகரம்தான், ஆனாலும் குழுவுக்குக் குழு பாக்டீரியா வேறுபட்டது என்று 2018-இல் முடிவு வந்தது. இதை மட்டும் படித்தால் ‘இனவழி’ சரிதானே என்று தோன்றும். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வையும் பாருங்கள். தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடியேறிய மோங், கரேன் இனக்குழுப் பெண்களின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்தன; ப்ரிவோடெல்லா என்ற பாக்டீரியா வகையின் இடத்தை பாக்டீராய்டிஸ் என்ற வகை பிடித்தது. சாப்பாட்டு மாற்றம் மட்டும் இதை முழுதாக விளக்கவில்லை. பிறப்போடு வந்தது என்றால் இடம்பெயர்ந்ததும் ஏன் மாற வேண்டும்?

எலும்பைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் தேவை. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் எலும்பு அடர்த்தி வெள்ளையரைவிடச் சராசரியாகக் கூடுதல், எலும்பு முறிவும் குறைவு. பக்கத்திலேயே ‘இனவழி நுண்ணுயிர்’ என்று வந்தால், அதுதான் காரணம் என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார். பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு எலும்பின் நிறை கூடுதலாக இருந்ததையும், பாக்டீரியா புகுந்ததும் அது இயல்புக்கு இறங்கியதையும் ஸ்வீடன் ஆய்வர்கள் 2012-இல் காட்டினார்கள். மனிதரிடம் நிலைமை அவ்வளவு தெளிவில்லை. அதே நாட்டில் 75 வயது கடந்த பெண்கள் ஓராண்டு லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற நன்மை தரும் பாக்டீரியாவை எடுத்தபோது கால் எலும்பின் தேய்மானம் ஏறத்தாழப் பாதியானது. பின்னர் மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன பெண்களிடம் இரண்டாண்டு செய்து பார்த்தார்கள், பலன் இல்லை.

ஆகவே ‘இனக்குழுவாரி வேறுபாடு’ என்றே எழுதலாம். வேறுபாடு இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும், காரணம் சொல்லாது.

அப்புறம், ஓரிடத்தில் சேர்ந்து வாழும் நுண்ணுயிர்களைக் குறிக்கும் மைக்ரோபயோட்டாவுக்கு ‘நுண்ணுயிர்க்குழாம்’ போதும். அந்த உயிர்களோடு அவை வாழும் சூழலையும் சேர்த்துக் குறிக்கும் மைக்ரோபயோமுக்கு ‘நுண்ணுயிர்த்திணை’ என்பது என் பரிந்துரை. திணை இலக்கியச் சொல்லாயிற்றே என்று சென்ற மடலில் அம்மா ஒருவர் தயங்கியிருந்தார். நிலம், உணவு, விலங்கு, மக்கள் எல்லாம் சேர்ந்ததுதானே நம் திணை? அந்தப் பொருள்தான் இங்கும் வேண்டியிருக்கிறது.

எலும்பிலுள்ள ஒருவகை உயிரணுவான ஆஸ்டியோகிளாஸ்டுக்குப் பட்டியலில் உள்ள ‘என்புடைப்பணு’வைவிட ‘எலும்பு கரைப்பணு’ மேல். அந்த உயிரணு அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கிறது, உடைப்பதில்லை. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.