ஆற்றோரக் கட்டட வேலையில் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்: உங்கள் அனுபவம்?

நான் தொடங்கி வைக்கிறேன். வெள்ளச் சமவெளியில் குழாய் பதிக்கும் வேலை. பொக்லைன் பக்கத்தில் நின்று தொல்லியல் கண்காணிப்பு, அதாவது தோண்டும்போது பழங்காலத் தடயம் வருகிறதா என்று பார்ப்பது. மேலே ஒன்றரை மீட்டருக்குச் சுத்தமான வண்டல், ஒரு பானை ஓடுகூட இல்லை. “ஒன்றுமில்லையே சார், கிளம்பலாமே” என்று சைட் இன்ஜினியர் நச்சரித்தபடி இருந்தார். பாவம், வண்டி வாடகை அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ஆற்றோரத்தில் மேல்மண் காலியாக இருப்பது வழக்கம்தான். வெள்ளம் கொட்டிய வண்டல் பழைய தரையை மூடிவிட்டிருக்கும்.

மதியத்துக்கு மேல் பக்கெட்டில் கறுப்பு மண் வந்தது. மட்கிய இலை நாற்றம். ஆறு எப்போதோ கைவிட்டுப்போன தடம் அது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கரணையால் பள்ளத்தின் சுவரைச் சுரண்டினால், வரிசையாக மண்ணில் அடித்து இறக்கிய மரக் கம்புகள்! கூராகச் செதுக்கிய வெட்டுத் தடம்கூடக் கலையவில்லை. நீர் ஊறிய மண்ணில் காற்று புகாததால் மரத்தை அரிக்கும் பூஞ்சை வளராது. வெளியே எடுத்துக் காயவிட்டால்தான் சுருங்கி வெடிக்கும். தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவிட்டுத்தான் அளவெடுக்கவே ஆரம்பித்தோம்.

—

ஆபரேட்டரோடு முதல் நாளே பேசிவிடுங்கள். பல் வைத்த பக்கெட் மண்ணை உழுதுவிடும், நிற வேறுபாடு தெரியாது. பல்லில்லாத அகலப் பக்கெட்டை மாட்டி, மெல்லிய படலமாக வழிக்கச் சொல்லுங்கள். என்னோடு இருந்தவர் ஒருமுறை, “கீழ கைக்கு வேற மாதிரி தட்டுது” என்று அவராகவே நிறுத்தினார். கீழே சரளை பரப்பிய பழைய நடைபாதை. என் கண்ணுக்கு அதுவரை எதுவும் தெரியவில்லை, அவர் லீவருக்குத் தெரிந்தது.

—

இதெல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களுக்கு: இங்கிலாந்தின் மஸ்ட் ஃபார்மில் களிமண் குவாரி ஓரத்தில் மரத் தூண்கள் கண்ணில் பட்டது 1999இல். 2015–16 அகழாய்வில் வெளிவந்தது, கி.மு. 850 வாக்கில் தீப்பிடித்து ஆற்றுக்குள் சரிந்த வீடுகள். வேல்ஸின் நியூபோர்ட்டில் 2002இல் அரங்கம் கட்டத் தோண்டியபோது அஸ்க் ஆற்றங்கரைச் சேற்றில் 15ஆம் நூற்றாண்டுக் கப்பல். இரண்டையும் காப்பாற்றியது ஈரமான மண்தான்.

எனக்குப் பயம் பைல் அஸ்திவாரத்தில், அதாவது ஆழத் துளையிட்டுத் தூண் இறக்கும் வேலையில். துளையிட்டு மேலே வருகிற சேற்றில் எந்த அடுக்கையும் படிக்க முடியாது. அதனால் மண் பரிசோதனைத் துளைகளின் பதிவை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுவேன். மட்கு மண் எந்த ஆழத்தில் என்று அதிலேயே இருக்கும். அப்புறம், அறிக்கையில் “ஒன்றும் கிடைக்கவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். பள்ளம் எவ்வளவு ஆழம் போனது, வண்டலின் அடி தெரிந்ததா, இரண்டையும் எழுதுங்கள். ஒரு மீட்டரில் நின்றுவிட்ட பள்ளத்தை வைத்து அடுத்து வருகிறவர் அந்த இடமே காலி என்று முடிவுகட்டிவிடுவார்.