மறு: 'வியா பூப்ளிகா' – நெடுஞ்சாலையா, பெருவழியா?

> நெடுஞ்சாலை என்றே போட்டுவிடலாமே? எல்லோருக்கும் புரியும்.

ரோமானியர் பொதுப்பணத்தில் போட்ட சாலைக்கு லத்தீனில் 'வியா பூப்ளிகா' என்று பெயர்; அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நெடுஞ்சாலை என்றால் புரியும்தான் ஐயா. ஆனால் நெடுஞ்சாலை என்றதும் சுங்கச்சாவடிதான் கண்முன் வரும். என் ஓட்டு பெருவழிக்கு.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்று முதலில் பார்ப்போம். கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் சென்சாராக இருந்தபோது (படத்துக்குக் கத்தரி போடும் சென்சார் அல்ல, குடிமக்கள் கணக்கும் பொதுப்பணிக் குத்தகையும் அவர் பொறுப்பு) ரோமிலிருந்து கப்புவா வரை சுமார் 195 கி.மீ.க்குப் போட்ட சாலை வியா அப்பியா. தெற்கே சாம்னியர்கள் என்ற இத்தாலிய மலைநாட்டு மக்களோடு போர் நடந்துகொண்டிருந்தது. படை சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே, பொந்தீன் சதுப்பு நிலத்தின் ஊடாகவே நேர்கோட்டில் இழுத்துவிட்டார்கள். அப்புறம் படிப்படியாக நீண்டு பிரிந்திசி துறைமுகம் வரை போனது. பொதுப்பணத்தில், பதவியில் இருப்பவர் போட்டு, அவர் பெயரையே தாங்கும் வழி. பின்னால் வந்த பிளாமினியா (கி.மு. 220), எமிலியா (கி.மு. 187) சாலைகளுக்கெல்லாம் போட்டவரின் குலப்பெயர். அப்பியஸ் மட்டும் கிளாடியஸ் என்ற குலப்பெயரை விட்டுத் தன் முதற்பெயரையே வைத்துக்கொண்டார். ஆள் அப்படி!

நம் கல்வெட்டுகளிலும் இதே முறைதான். தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழி, கோவைப் பக்கம் ராஜகேசரிப் பெருவழி. எனவே 'அப்பியப் பெருவழி', 'பிளாமினியப் பெருவழி' என்று எழுதினால் உறுத்தாது. இன்னொருவர் சொன்ன 'ராஜபாட்டை' வேண்டாம். அப்பியா போட்ட காலத்தில் ரோமில் ராஜாவே இல்லை.

> மில்லியாரியும் = காதக்கல்?

மில்லியாரியும் என்பது சாலையோரம் தூரம் காட்டும் ரோமானியக் கல். அதைக் காதக்கல் என்று சொல்லும் ஆசை புரிகிறது. அதியமான் பெருவழிக் கல் ஒன்றில் 29 காதம் என்பதை எழுத்திலும் வெட்டி, படிக்கத் தெரியாதவர்களுக்காக 2 பெரிய குழி, 9 சிறிய குழி என்றும் காட்டியிருக்கிறார்கள். அருமையான கல். ஆனால் காதம் வேறு அளவு. ரோமானியக் கணக்கு ஆயிரம் பாஸூஸ். இடது கால் பதிந்து, மறுபடி இடது கால் பதியும் வரை ஒரு பாஸூஸ். மொத்தம் சுமார் 1.48 கி.மீ. ஆயிரத்தைக் குறிக்கும் அந்த 'மில்லெ'யிலிருந்து வந்ததுதான் நாம் சொல்லும் மைல். மைல்கல் என்று இருக்கட்டும்; அதைவிடப் பொருத்தமாக எதையும் புதிதாக ஆக்க முடியாது.

> சட்டத்தில் வரும் 'வியா'வும் பெருவழிதானா?

இல்லை, அதைத் தனியாகப் பிரித்தே ஆக வேண்டும். ரோமானியச் சட்டத்தில் அது அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் உரிமை. நம் கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வண்டித்தடம்' என்று எழுதுவோமே, அதே சங்கதி. இதெர் என்றால் ஆள் நடக்கலாம். ஆக்டுஸ் என்றால் கால்நடை ஓட்டலாம். வியா என்றால் வண்டியே போகலாம். ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டப்படி வியாவின் அகலம் நேரான இடத்தில் 8 அடி, வளைவில் 16 அடி. வண்டி திரும்ப வேண்டாமா! முறையே நடைத்தடம், ஓட்டுத்தடம், வண்டித்தடம் என்று வைக்கலாம். பத்திர எழுத்தர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் 'ஓட்டுத்தட'த்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

பாக்கி இருப்பது 'அக்கெர்'. இருபுறமும் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி, சாலைக்காக உயர்த்திய அடித்தளம். கரை என்றால் ஏரிக்கரை ஆகிவிடுகிறது. இப்போதைக்கு 'வழிமேடு' என்று பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் இதே இழையில் போடுங்கள்.